ரிவர்ஸ் இல்லாத வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை எதிர் ஃபிளாட் இளைஞர் புதுக் கார் வாங்கினார். எங்கள் டெல்லி மயூர் விஹாரில் கார் வாங்குவது செய்தி அல்ல. அதை நிறுத்த இடம் கிடைத்தால்தான் செய்தி. “வாங்க அங்கிள், ஒரு ரவுண்ட் போகலாம்” என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

ரிவர்ஸ் கியர் போட்டதும் முன்னால் ஒரு திரை விழித்துக்கொண்டது. பின்னால் நிற்கும் ஸ்கூட்டர், தூங்கும் நாய், வாட்ச்மேனின் நாற்காலி... எல்லாம் அதில் தெரிந்தன.

“உங்க காலத்துல ரிவர்ஸ் எடுக்கிறது ரொம்பக் கஷ்டம், இல்லையா அங்கிள்?”

“என் காலத்துல ரிவர்ஸே கிடையாது” என்றேன். ஜோக் என்று நினைத்துச் சிரித்தார்.

ஜோக் இல்லை. எழுபதுகளில் என்னிடம் ஒரு மோரிஸ் மைனர் இருந்தது. வெந்தய நிறம். திரும்பும்போது மினுக்கும் விளக்கு கிடையாது. கதவோரத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை, ரயில்வே கைகாட்டி மாதிரி, வெளியே நீளும். குளிர் காலத்தில் அது சோம்பல் படும். தூணில் ஒரு குத்து விட வேண்டும்.

எட்டாம் வகுப்போடு வீட்டை விட்டு ஓடி, லாரி கிளீனராக டெல்லி வந்தவன் நான். முதல் குளிர்காலத்தை ஒரு பேக்கரியின் அடுப்புச் சுவரில் முதுகை ஒட்டிப் படுத்துக் கழித்தேன். முதுகு சுடும், நெஞ்சு உறையும், புரண்டு படுக்க வேண்டியதுதான். பிறகு கனாட் பிளேஸில் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியில் டிரைவர் ஆனேன். முதலாளி புதுக் கார் வாங்கியபோது, கொட்டகையில் கிடந்த மோரிஸைக் காட்டி “லே ஜா” என்றார், எடுத்துக்கொண்டு போ என்று. கொண்டுவந்துவிட்டேன். எனக்கு முன்னால் ஓட்டியவன் ரிவர்ஸ் கியரின் பல்லை உடைத்து வைத்திருந்தான். காஷ்மீரி கேட் ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் முழுக்க அலைந்தும் மாற்றுப் பல் கிடைக்கவில்லை.

ஆனால் ஒன்று சொல்கிறேன். ரிவர்ஸ் இல்லாத வண்டிக்கு டெல்லியைப் போல ஓர் ஊர் கிடையாது. எங்கே பார்த்தாலும் கோல் சக்கர் என்கிற ரவுண்டானா. வழி தவறினால் என்ன? வட்டத்தைச் சுற்றி, வந்த வழிக்கே வந்துவிடலாம். ஜூலையில் நாவல் பழம் விழுந்து ரோடெல்லாம் ஊதா. டிசம்பரில் பனி மூட்டம்... வண்டி ஓடுகிறதா, மரங்கள்தான் நம்மைத் தாண்டி மெல்ல மிதந்து போகின்றனவா என்றே தெரியாது. தையல் மிஷின் மாதிரி இன்ஜின் பேசிக்கொண்டே வரும். அந்தக் காலைகளில் எனக்கு எந்த ஊரின் நினைப்பும் வந்ததில்லை.

காலையில் ஆர்.கே.புரத்திலிருந்து இரண்டு பேர் என்னோடு வருவார்கள். பின்சீட்டில் சிதம்பரம் அண்ணாச்சி, செக்ரடேரியட் அதிகாரி. முன்சீட்டில் அவருடைய தங்கை செண்பகம், அங்கேயே ஸ்டெனோ. திருநெல்வேலிக்காரர்கள். எங்காவது முட்டிக்கொண்டால் அண்ணாச்சி இறங்கி, கோட்டைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைப் பின்னால் தள்ளுவார். அதிகாரி தள்ளுவார், டிரைவர் உட்கார்ந்திருப்பான். செண்பகம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரிப்பாள்.

ஒரு டிசம்பரில் அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டார். “தம்பி, ஊர்ல இவளைப் பொண்ணு பார்க்க வாராங்க. பார்லிமெண்ட் நடக்கு, எனக்கு லீவு இல்ல. சாயங்காலம் மெட்ராஸ் வண்டியில ஏத்திவிட்டுரும்.”

சரி என்றேன். வேறென்ன சொல்வது? அவள் பி.ஏ. நான் முனிர்க்காவில் மொட்டைமாடி அறை.

பின்சீட்டில் பெட்டி. அதன் மேல், ஊருக்குக் கொடுத்தனுப்ப குவார்ட்டர்ஸ் பிளாக்கில் ஆளாளுக்குத் தந்த ஆறு பொட்டலங்கள், ஒரு ரஜாய்ப் பஞ்சுப் போர்வை. கனாட் பிளேஸ் வெளிவட்டத்துக்கு வந்தோம். இடது கைகாட்டியை நீட்டினேன். ஸ்டேஷன் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டேன். தினமும் வேலைக்கு வரும் இடம்!

“ரோடு போயிட்டு” என்றாள்.

“பார்க்கலை. பின்னால எடுக்க முடியாதே... ஒரு சுத்து சுத்திடலாம்.”

“சுத்துங்க.”

இரண்டாவது முறை ஒரு பஸ் மறைத்தது. மூன்றாவது முறை எதுவும் மறைக்கவில்லை. கைகாட்டி நீண்டபடியே இருந்தது, நான் திரும்பவில்லை. பின்னால் வந்த டாக்ஸிக்காரர் என் வம்சத்தையே விசாரித்துவிட்டுப் போனார். மஞ்சள் விளக்குகள் பனிக்குள் கரைந்துகொண்டிருந்தன. எங்கிருந்தோ சர்க்கரைவள்ளிக் கிழங்கு சுடும் வாசனை. அவள் மடியிலிருந்த வேர்க்கடலையை உரித்து, கியர் மேலிருந்த என் கைக்குள் இரண்டு பருப்பு வைத்தாள்.

நான்காவது சுற்றில் பேசினாள். “ரயிலுக்கு இன்னும் அரை மணிதான் இருக்கு. பார்லிமெண்ட் கேள்விக்கு அண்ணன் பதில் எழுதுத மாதிரி இழுக்காதீங்க. ஒரு வரியில சொல்லுங்க.”

“நான் எட்டாங்கிளாஸ்.”

“தெரியும்.”

“சொந்தபந்தம்னு சொல்லிக்க யாரும் இல்லை.”

“அதுவும் தெரியும். தெரியாதது ஏதாவது இருந்தா சொல்லுங்க.”

“போகாதீங்க.”

அவள் கடலைத் தோலை ஜன்னல் வழியே உதறினாள். பிறகு, “போகணும்” என்றாள்.

எனக்கு ஸ்டியரிங் கையில் இருப்பதே மறந்துவிட்டது.

“நேர்ல நின்னு வேண்டாம்னு சொல்லணும்லா? கடுதாசின்னா அப்பா பாதியிலயே கிழிச்சிருவாங்க. இப்பமாவது திரும்புங்க.”

திரும்பினேன். ரஜாயைத் தலையில் வைத்துக்கொண்டு பிளாட்பாரத்தில் ஓடினேன். அவளை ஏற்றிக்கொண்டு வண்டி போய்விட்டது.

வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிடுவார்களோ? அழுது, மிரட்டி, சம்மதிக்க வைத்துவிடுவார்களோ? அவள் லீவு பதினைந்து நாள். பதினாறாம் நாள் காலையில் ஸ்டேஷனில் போய் நின்றேன். இறங்கியவள் பெட்டியை என்னிடம் நீட்டினாள்.

“சொல்லியாச்சு.”

மலை மந்திரில் முருகன் முன்னால் கல்யாணம். அவள் அப்பா வரவில்லை. அண்ணாச்சி வந்தார், அட்சதை போட்டார், சாப்பிடாமல் போய்விட்டார். அன்றிலிருந்து அவருக்கு ஆபீசுக்கு பஸ்தான். தினமும் காலையில் அவர் நிற்கும் ஸ்டாப்பைத் தாண்டித்தான் நாங்கள் போக வேண்டும். நான் வேகத்தைக் குறைப்பேன். அவர் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொள்வார். ஆனால் அந்த ஸ்டாப் வரும்போதெல்லாம் செண்பகத்தின் கை கதவுப் பிடியில் இருக்கும்.

ஒரு வருஷத்துக்கும் மேல் ஆகியிருக்கும். ஆகஸ்ட் மாதம், ஊரே மிதக்கிற மழை. பஸ் எதுவும் வரவில்லை. பேப்பர் நனைந்து, அவர் கையிலேயே கூழாகியிருந்தது. நிறுத்தினேன். இரண்டு நிமிடம் எங்களைப் பார்க்காமலே நனைந்தார். அப்புறம் கதவைத் திறந்து ஏறினார்.

மோதி பாக் தாண்டினோம். மூன்று பேரின் ஈரத்தில் கண்ணாடி வெளுத்துவிட்டது. பின்னாலிருந்து குரல் வந்தது:

“கண்ணாடியைத் துடையும் மாப்ளே. ரோடே தெரியல.”

என்னைக் கேட்டால், எங்கள் கல்யாண நாள் அதுதான்.