தெற்கு பார்த்த பூக்கடை

எங்கள் கடை வரிசையில் யார் பேச்சையும் கேட்காத ஒரே ஆள் லோகேஸ்வரி. கிள்ளானில் பிறந்தவள். கல்யாணமான மூன்றாம் வருடம் கணவன் கை ஓங்கினான். அன்று மாலையே ரயிலேறி பிரிக்பீல்ட்ஸில் வந்து இறங்கிவிட்டாள். இருபத்திரண்டு வருடமாக மூலைக்கடைக்கு முன்னால், கூரையிட்ட அஞ்சடி நடைபாதையில், மேசை போட்டுப் பூக்கட்டி விற்கிறாள். திரும்பிப் போகச் சொன்ன சொந்தக்காரர்கள் இப்போது அவளிடம்தான் கல்யாண மாலைக்கு ஆர்டர் கொடுக்கிறார்கள்.

மூலைக்கடை சுகுமாறனுடையது, பூஜைச் சாமான் வியாபாரம். வாஸ்து, ராசி என்றால் அவருக்கு உயிர். அவர் சொன்னபடி அவளுடைய மேசை கிழக்கு பார்த்து நின்றது. காலை வெயில் நேரே அதன்மேல் விழும். அந்த வெயிலில்தான் பஞ்சு எட்டு வருடமாகப் படுத்துக் கிடந்தது. பஞ்சு அவளுடைய பூனை. பெயருக்கேற்ற சுத்த வெள்ளை.

வெள்ளிக்கிழமை தவறாமல் மேசைக்கும் கத்தரிக்கோலுக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பாள். பஞ்சுவின் நெற்றியிலும் கொஞ்சம் மஞ்சள் தடவுவாள். தைப்பூசத்துக்கு முன்பு அதன் இடது காது நுனியில் சின்னதாக ஒரு புண் தெரிந்தது. சந்துப் பூனையோடு சண்டை போட்டிருக்கும் என்று அவள் நினைத்தாள். பக்கத்தில் தையல்கடை வைத்திருக்கும் நானும் அப்படித்தான் நினைத்தேன். மஞ்சளைக் குழைத்துக் காதிலும் அப்பினாள். பொருக்குத் தட்டும், உதிரும், ரத்தம் கசியும், மறுபடியும் மஞ்சள். இப்படியே நான்கு மாதம் ஓடியது. மஞ்சள் தெரிந்ததே தவிரப் புண் யார் கண்ணிலும் படவில்லை.

பூக்கட்டும்போது அவள் விரலைப் பார்ப்பதே கிடையாது. ஒரு நாள் பேச்சுவாக்கில் பூனையைத் தடவிக்கொண்டிருந்த அந்த விரல்கள் சட்டென்று நின்றன. காது நுனி அரித்துப்போயிருந்தது. வலது காதிலும் சொரசொரவென்று ஏதோ தட்டுப்பட்டது. பூக்கூடையைக் கவிழ்த்துக் காலிசெய்து பஞ்சுவை அதில் வைத்தாள். என் காரில் பெட்டாலிங் ஜெயாவில் இருக்கும் மிருக டாக்டரிடம் போனோம்.

டாக்டர் ஷாமினி சின்னப் பெண். வெதுவெதுப்பான தண்ணீரில் மஞ்சளைக் கழுவிவிட்டு இரண்டு காதையும் விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காதிலிருந்து துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒரு வாரத்தில் முடிவு வந்தது, புற்றுநோய். வெள்ளைப் பூனைகளுக்குக் காது நுனியில் முடி குறைவு, வருடக்கணக்கில் வெயில் பட்டால் இப்படி வரும், ஆறாத புண் என்றாலே சந்தேகப்பட வேண்டும் என்று விளக்கினார்.

"ரெண்டு காது மடலையும் எடுத்துடணும் ஆன்டி. இப்பவே செஞ்சா பிழைச்சிக்கும். விட்டா முகத்துக்குப் பரவிடும்."

மடல் போனாலும் பூனைக்குக் காது கேட்குமா என்று மட்டும் லோகேஸ் கேட்டாள். கேட்கும் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது காரில் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

வரிசையில் ஆளுக்கொரு யோசனை. காதறுந்த பூனை கல்யாண மாலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் நன்றாகவா இருக்கும், பாசார் சந்தையில் கொண்டுபோய் விட்டுவிடு என்றார் சுகுமாறன். வயதான ஜீவனை ஏன் வெட்டிக் கொடுமைப்படுத்த வேண்டும் என்று நானும் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

"நாலு மாசம் புண்ண மறைச்சு வச்சேன்," என்றாள் லோகேஸ். "இப்ப பூனையவே மறைக்கச் சொல்றீங்களா?"

ஆப்பரேஷன் நடந்தது. உரித்த தேங்காய் மாதிரி மொழுமொழுவென்ற தலையோடு பஞ்சு திரும்பி வந்தது. நோய் இருந்த இடம் முழுக்க எடுத்தாயிற்று, ஆனால் மூக்கிலும் இமையிலும் புதிதாக ஏதாவது வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், வெயில் மட்டும் ஆகவே ஆகாது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். இப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை மஞ்சள் மேசைக்கும் கத்தரிக்கோலுக்கும் மட்டும்தான். பஞ்சுவுக்கு ஈரத்துணியால் முகம் துடைத்து, இண்டு இடுக்கு விடாமல் ஒரு சோதனை நடக்கும்.

பஞ்சு வந்த மறுநாள் காலை லோகேஸ் மேசையைத் தரதரவென்று இழுத்து மூலையின் மறுபக்கம் திருப்பிப் போட்டாள். அங்கே எதிரில் உயரமான கட்டடம், நாள் முழுக்க நிழல். ஆனால் அது தெற்கு. சத்தம் கேட்டு வெளியே வந்த சுகுமாறனுக்கு முகம் வெளிறிவிட்டது. வாடிக்கையாளர்கள் வேறு நின்றுகொண்டிருந்தார்கள்.

"தெற்கு எமன் திசை லா, லோகேஸ். வியாபாரமும் விளங்காது, அந்தப் பூனையும் நிலைக்காது."

லோகேஸ் கையிலிருந்த சரத்தை நிறுத்தவில்லை. பஞ்சு அவளுக்குப் பின்னால் நிழலில் சுருண்டு படுத்திருந்தது.

"அவன் இந்தப் பக்கமாத்தானே அண்ணே வருவான்? வரட்டும். பஞ்சுகிட்ட போறதுக்கு முன்னாடி என்னைத் தாண்டணும்ல."