ஆதிநாராயணனின் முறை நாள்

“மெஷினுக்கு இன்னாடா சொல்லித் தர்றே?”

1986 பொங்கலுக்குக் குப்பத்துக்கு வந்திருந்த தம்பி ஆதிநாராயணனிடம் கன்னியம்மா இப்படித்தான் கேட்டாள். அவன் மெட்ராஸில் கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுகிறவன்.

“பல ஊரு ஆபீசுங்க டெலிபோன் ஒயருல ஒரே மெஷினைக் கேள்வி கேக்கும்கா. அது ஒண்ணே எல்லாத்துக்கும் சட்டுனு பதில் சொல்லணும்.”

“பாடு வுட வேண்டியதுதானே?”

“வுட்டேனே! அதான் என் வேலைக்கே உலை வெச்சுது.”

குப்பத்தார் மீன் பிடிக்கும் ஏரியில் எந்த நாளில் யார் எங்கே வலை கட்டுவது என்று சீட்டுப் போட்டு முறை வைப்பதுதான் பாடு. முறைக்காரன் வராவிட்டாலும் அன்றைக்கு அவன் இடத்தில் வேறொருவன் வலை இறக்கமாட்டான். அதில் வளர்ந்தவன் புரோகிராமையும் அப்படியே எழுதிவிட்டான். மழையில் ஓர் ஊரின் லைன் செத்தது. வாயே திறக்காத அந்த ஊருக்காக மெஷின் காத்து நின்றது; மற்ற ஊர்களெல்லாம் அதன் பின்னால் நின்றன.

“மெஷினுக்குமா உங்க குப்பத்துப் பஞ்சாயத்து?” என்று ஆபீஸே சிரித்தது. சரிசெய்யாவிட்டால் வேறு வேலை பார் என்றார் மேலதிகாரி.

குளிரூட்டிய அறையில் தனியாக உட்கார்ந்து முழுவதையும் மாற்றினான். பேசுகிற ஊரைக் கவனி, பேசாததைத் தாண்டிப் போ, குரல் வந்தால் திரும்பி வா. வந்த செய்தியை உள்ளே இடம் மாற்றி மாற்றி வைக்காதே; இறங்கிய இடத்திலிருந்தே அனுப்பு.

“கூடை மாத்த மாத்த எறா நசுங்கும்ல, அதேதான்கா.”

மெஷின் பறந்தது. அது ஓடுகிறவரை அவனை யாரும் நினைப்பதில்லை. நின்றால் மட்டும் ஆள் விடுவார்கள். அதனால் மெட்ராஸை விட்டு நகர முடியவில்லை. நைனா இறந்த பிறகு அவன் பேருக்கு மாறிய பாடு நாட்களில் அவன் வரவேயில்லை. அந்த நாட்களில் கன்னியம்மா கரையில் நின்று, யாரும் இறங்காத அந்தத் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

“வராதவனுக்கு எதுக்கும்மா பாடு? பேரை எடுத்துடலாமா?” என்று பக்கத்து வீட்டு அங்கமுத்து கேட்டே விட்டார். அதை அவள் தம்பியிடமும் சொன்னாள்.

மறுநாள் பொன்னேரி பஸ் கிளம்பும்போதுதான் ஜன்னல் வழியே அவள் கையைப் பிடித்தான்.

“அக்கா, என் பேரை எடுக்க வுடாதே. நான் வரலன்னாலும் என் முறை அன்னிக்கு அந்த எடம் சும்மாவே கெடக்கட்டும்.”