ராசியான முகம்

என் நைனா என்னை ஒருநாளும் அடித்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். "தங்கமான மனுசன், பொண்ணு மேல உசுரையே வெச்சிருந்தாரு" என்பார்கள். வைத்திருந்தார்தான். அந்த உசுரைச் சுமந்தவள் நான். அதன் கனம் எனக்குத்தான் தெரியும்.

செஞ்சிக் கடைத்தெருவில் எங்களுக்கு மளிகைக் கடை. எனக்கு ஆறு வயதிருக்கும். ஒருநாள் காலையில் நைனா கடைக்குக் கிளம்பும்போது, செம்பில் தண்ணீரோடு தற்செயலாக எதிரே வந்துவிட்டேன். அன்றைக்கு வியாபாரம் அமோகம். தொலைந்தேன். மறுநாளிலிருந்து அவருக்கு நான்தான் சகுனம். அவர் செருப்பு மாட்டியதும் தெருவிலிருந்து செம்போடு, சிரித்த முகமாக எதிரே வரவேண்டும்.

வியாபாரம் படுத்த நாளில் திட்டமாட்டார். மதியம் வந்து, என் பக்கமே திரும்பாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். அம்மா என்னிடம் வந்து, "காலைல மூஞ்சிய எப்டிடி வெச்சினு இருந்த?" என்பாள். அடைமழையில் கடைத்தெரு வெறிச்சோடினாலும், சனம் எல்லாம் அவலூர்பேட்டைச் சந்தைக்குப் போய்விட்டாலும், குற்றம் என் மூஞ்சியுடையது.

பத்து வயதில், விடிந்தாலே வயிற்றைக் கலக்கும். உள்ளங்கை வியர்த்து, செம்புத் தண்ணீர் தளும்பிப் பாவாடை நனையும். கண்ணாடி முன் நின்று சிரித்துப் பழகுவேன், பாதியில் அழுகை வந்துவிடும். காத்து கருப்பு பட்டிருக்கிறது என்று முடிவுகட்டிக் கையில் தாயத்துக் கட்டினார்கள். காத்தும் இல்லை, கருப்பும் இல்லை. வளர்ந்த மனிதர் ஒருவர் தன் பிழைப்பைக் குழந்தையின் முகத்தில் ஏற்றிவைத்தால் வருகிற பயம் அது. வெகுகாலம் கழித்து, நடுக்கம் விடாமல் ஒரு டாக்டரிடம் போனேன். "சின்ன வயசுல வீட்ல ரொம்பக் கண்டிப்பா?" என்று கேட்டார். "இல்லீங்க, ரொம்பப் பாசம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நல்ல டாக்டர்.

எட்டாம் வகுப்பு முழுப் பரீட்சை ஒரு திங்கட்கிழமை தொடங்கியது. எழுதாவிட்டால் படிப்பு அதோடு நின்றுவிடும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம் என்பதால், நைனா எப்போதும் ஏழு மணிக்கே கிளம்பிவிடுவார். அன்றைக்குப் பார்த்து அனந்தபுரத்திலிருந்து மல்லாட்டை வியாபாரி ஒருவர் வந்து, கடலை விலை பேசிக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அவர் எழுந்து போனபோது மணி ஏழே முக்கால். இனி ஒன்பது வரை நைனா படியிறங்க மாட்டார். ஒன்பதுக்கு எனக்குப் பரீட்சை.

"நைனா, பரீட்சைக்கு நேரமாவுது. இன்னிக்கு அம்மா எதிர்ல வரட்டுமே" என்றேன்.

"உன் ராசி வேற, பாப்பா. ஒம்போதுக்கு நான் கெளம்புனதும் ஓடிடு. லேட்டானா இன்னா, வுட மாட்டாங்களா?"

"விட மாட்டாங்க நைனா."

"அப்ப போ. நான் கடையத் தொறக்கல. நாம பட்டினி கெடந்தாலும் பரவால்ல, நீ போ." குரலை உயர்த்தவே இல்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அம்மா கதவருகில் நின்று என்னையே முறைத்தாள்.

செம்பைக் கீழே வைத்தேன். பேனாவை எடுத்துக்கொண்டு, ராகுகாலத்திலேயே படியிறங்கினேன். கேள்வித்தாளை வாங்கியபோது கை நடுங்கியது. கோணல்மாணலாக எழுதினேன், ஆனால் கடைசிக் கேள்வி வரை எழுதினேன். தேறினேன் என்பதையும் இங்கேயே சொல்லிவைக்கிறேன்.

திரும்பும்போது கடைத்தெருவில் எங்கள் கடை மட்டும் சாத்தியிருந்தது. எதிர்க்கடைக்காரர், "இன்னாம்மா, நைனாவுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்காரு" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டில் நைனா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிடவில்லையாம். என்னை நிமிர்ந்து பார்த்து, "இப்ப உனக்குச் சந்தோசமா பாப்பா?" என்றார்.

காலில் விழுந்து அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பார். முந்தின நாள் வரைக்கும் இருந்தவளாக இருந்தால் விழுந்திருப்பேன். சிரிக்க முயலவில்லை. முகம் எப்படி இருந்ததோ அப்படியே வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தேன்.

"ஆமா நைனா, சந்தோசமா இருக்குது" என்றேன்.