எல்லாரும் பூசிக்கொண்ட வாசனை

என் பேத்தி பிறந்து இன்றோடு இருபத்திரண்டு நாள். மகள் அல்லியின் முதல் பிள்ளை. தொட்டில் போட்ட அன்று வந்தவர்களில் ஒருத்தரைப் பற்றி எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. அவர் பெயர் நீலகண்டன். காரைக்கால் கடைத்தெருவில் சென்ட் விற்கிறவர்.

அவருடைய அப்பா பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர். அந்த வழியில் இவரும் இருபத்திரண்டு வயதில் பிரான்சுக்குக் கப்பலேறிப் போய், அங்கே ஒரு சென்ட் பேக்டரியில் பதினோரு வருஷம் வேலை பார்த்தார். முதலில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினார். பிறகு சரக்கை எடை போட்டுக் கலக்கும் இடத்தில் உட்கார வைத்தார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று எழுபத்தொன்பதில் ஊர் திரும்பிவிட்டார்.

அவர் கடை என்பது ஒரு மேஜை. அதன் மேல் மூன்று தகர டின், ஒரு சொட்டுக் குழாய், விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன பாட்டில்கள். அவ்வளவுதான். மற்ற சென்ட் கடையில் நாற்பது பாட்டில் இருக்கும். மல்லிகை, தாழம்பூ, ஜவ்வாது என்று கேட்டது கிடைக்கும். இவரிடம் டின்னுக்குப் பேர்கூடக் கிடையாது. ஒன்றாம் நம்பர் அறுத்த மரம் மாதிரி. இரண்டாம் நம்பர் மல்லிகைத் தோட்டத்துக்கு வெளியே நிற்கிற மாதிரி. மூன்றாம் நம்பர் வெயிலில் காய்ந்த வேட்டி. பம்பாயிலிருந்து பார்சலில் வரவழைப்பார். இரண்டைக் கலப்பார், மிஞ்சினால் மூன்று. அதற்கு மேல் எதுவும் சேர்க்கமாட்டார்.

பூவிலிருந்து எடுத்ததா என்று ஆள்கள் கேட்பார்கள். இல்லை, பேக்டரியில் மருந்திலிருந்து செய்வது என்று ஒளிக்காமல் சொல்லிவிடுவார். பாதிப் பேர் அதோடு எழுந்து போய்விடுவார்கள்.

மீதிப் பேரிடம் அவர் ஒரு வேடிக்கை செய்வார். வாங்க வந்தவரைத் தன் கையைத் தானே முகர விடமாட்டார். சட்டைக் காலரின் பின்பக்கம் ஒரு சொட்டு வைத்து, கூட வந்தவரை முகரச் சொல்வார். தனியாக வந்தவருக்குப் பக்கத்துச் செருப்புக் கடைக்காரரைக் கூப்பிடுவார். இந்தச் சரக்கு பூசிக்கொண்டவர் மூக்குக்குச் சீக்கிரம் பழகி மறைந்துவிடும், எதிரில் வருகிறவருக்குத்தான் தெரியும் என்பார்.

நான் காரைக்காலை அடுத்த கடலோரப் பட்டினத்திலிருந்து சைக்கிளில் மீன் கூடை கட்டி, சுரக்குடி, அம்பகரத்தூர் வரைக்கும் போய் விற்கிறவன். திரும்பும்போது அவர் மேஜைக்குப் பக்கத்தில் சைக்கிளை நிறுத்தி டீ குடிப்பேன். எண்பத்தொன்றில் ஒருநாள் அவர் முகம் மலர்ந்து இருந்தது. பட்டினத்து மஹ்பூபா அம்மா தன் மகள் கல்யாணத்துக்கு அவரிடம் சென்ட் சொல்லியிருந்தார்கள். கல்யாண வீட்டு வாசலில் வருகிறவர்கள் புறங்கையில் அத்தர் தடவுவது அங்கே வழக்கம். அந்த வீட்டில் நல்ல பேர் எடுத்தால் பத்து வீடு கூப்பிடும். கெட்ட பேர் எடுத்தால் மேஜையை மடக்கிவிட்டு அரிசி மில்லில் எடை போடும் வேலைக்குப் போக வேண்டியதுதான் என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மில்லில் கேட்டும் வைத்திருந்தார்.

ஒன்றாம் நம்பரும் மூன்றாம் நம்பரும் மட்டும். அந்த வீட்டில் ஸ்பிரிட் ஆகாது என்பதால் வாசமில்லாத எண்ணெயில் கலந்தார்.

கல்யாணத்தன்று என்னை வஞ்சிரம் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். வழியில் டயர் பஞ்சர். நான் போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில். பின் வாசலை விறகு வண்டி அடைத்திருந்ததால் கூடையோடு முன் பந்தலுக்கு வந்தேன்.

அதற்குள் அங்கே காரியம் கெட்டுப்போயிருந்தது. அது எனக்கு அப்போது தெரியாது. வாசலில் மஹ்பூபா அம்மாவின் தம்பி கையில் பாட்டிலோடு நின்றார். எதிரில் நீலகண்டன் தலை குனிந்து நின்றார். இருநூறு பேரில் ஒருத்தருக்குக்கூட வாசம் வரவில்லை என்று மாப்பிள்ளை வீட்டார் சிரித்துவிட்டார்களாம்.

உள்ளேயிருந்து வந்த மஹ்பூபா அம்மா சத்தம் போடவில்லை. "ஏன் தம்பி, கல்யாண வூட்டுக்கு வந்தவங்க கையில தண்ணியத் தடவி விட்டுட்டீங்களே. சம்பந்தி மூஞ்சிய நான் எப்புடிப் பாக்குறது?" என்றார்கள்.



நான் ஒன்றும் புரியாமல் நீலகண்டனிடம், "என்னண்ணே, மரம் அறுக்குற கடைக்குள்ள வந்த மாதிரி வாசம் தூக்குது. தெரு முனையிலேயே வந்துருச்சு" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மீன்காரனுக்கு வாசம் தெரிகிறது, நமக்குத் தெரியவில்லையா என்று ஒரு பெரியவர் கேட்டார். நீலகண்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். தப்பு எங்கே என்று அவருக்கு அப்போதுதான் பிடிபட்டது. கடையில் ஒரு ஆளுக்குச் சொல்லும் பாடத்தை இருநூறு பேருக்கு மறந்துவிட்டார். சந்தோஷத்தில் விருந்தாளி, சமையல்காரர், பந்தல்காரர், பிள்ளைகள் என்று ஒருத்தர் விடாமல் பூசச் சொல்லியிருக்கிறார். வீடு முழுக்க ஒரே வாசம். முகர்ந்து சொல்வதற்கு வெளியாள் ஒருத்தர்கூட மிச்சமில்லை.

"அம்மா, ஒரே ஒரு தடவ வெளில வாங்க. கடக்காத்துல கொஞ்ச நேரம் நின்னுட்டு உள்ள போங்க. அப்பவும் தண்ணின்னு சொன்னீங்கன்னா நான் இந்த ஊரு பக்கம் வரமாட்டேன்" என்றார்.

அந்த அம்மா வேலை மும்முரத்தில் தான் பூசிக்கொள்ளவே இல்லை; ஆனால் காலையிலிருந்து அந்த வீட்டுக்குள்ளேயே இருந்ததில் அவர்கள் மூக்குக்கும் வாசம் பழகிப்போயிருந்தது. தன் தம்பியைப் பார்த்தார்கள், முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தெருவுக்கு வந்தார்கள். நின்ற இடம் என் மீன் கூடைக்குப் பக்கம். ஐஸ் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. நான் கூடையை நகர்த்தப் போனேன். நீலகண்டன் கண்ணாலேயே வேண்டாம் என்றார். அரை மணி போல எனக்குத் தோன்றியது. பத்து நிமிஷம்தான் இருக்கும்.

பிறகு அவர்கள் உள்ளே திரும்பினார்கள். வாசப்படியில் ஒரு காலை வைத்ததும் நின்றார்கள். மூச்சை இழுத்தார்கள். இன்னொரு தடவை இழுத்தார்கள்.

"மீன எறக்கச் சொல்லு" என்றார்கள் தன் தம்பியிடம். அதோடு உள்ளே போய்விட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் நாலு பேர் கையைக் கழுவிக்கொண்டு அவர்களோடு தெருவுக்கு வந்து என் கூடைப் பக்கம் நின்றுவிட்டுப் போனார்கள். பிறகு ஆண்கள். நீலகண்டன் சென்டுக்கு அன்றைக்கு என் வஞ்சிரம்தான் சாட்சி.

அரிசி மில்லுக்கு அவர் போகவில்லை. அடுத்த வருஷம் மஹ்பூபா அம்மா இரண்டாவது மகளுக்கும் அவரிடமே சொன்னார்கள். இந்த முறை வீட்டு ஆள்களுக்கு மட்டும் பூசினார். வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள், இது என்ன வாசனை என்று.

தொட்டில் போட்ட அன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் சங்கடத்தை அவரிடம் சொன்னேன். வியாபாரம் முடிந்து எத்தனை சோப்பு போட்டுக் குளித்தாலும் என்னிடம் வந்தால் குழந்தை அழுகிறது. தாத்தா கூடையோடு வருகிறார் என்று என் பெண்டாட்டி லோகாம்பாள் கேலி செய்கிறாள். குழந்தையை என்னிடம் கொடுக்க அல்லிக்கும் உள்ளுக்குள் யோசனை.

அவர் என் தோள் துண்டின் நுனியில் மூன்றாம் நம்பர் ஒரே ஒரு சொட்டு வைத்தார். மற்றவர்களும் கையை நீட்டினார்கள். "ஒருத்தர் போதுங்க" என்று பாட்டிலை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

குழந்தையை வாங்கி அந்தத் தோளில் போட்டுக்கொண்டேன். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பியது. பிறகு துண்டில் மூக்கை அழுத்திக்கொண்டு தூங்கிவிட்டது.

நானும் துண்டை முகர்ந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீலகண்டனைப் பார்த்தேன். அவர் பாயசம் குடித்துக்கொண்டிருந்தார்.