மாம்பலம் ஸ்டேஷனில் நீட்டிய அட்டை

மதராசுக்கு வந்து இரண்டு வருஷமாகியும் ஒன்று மட்டும் எனக்குப் பழகவில்லை. தெருவில் போகிறவனை நிறுத்தி யாரும் காகிதம் கேட்பதில்லை. ரங்கூனில் இருக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். பாண்டி பஜாரில் போலீஸ்காரர் பக்கத்திலேயே நின்று பட்டாணி கொறிக்கலாம். எனக்கோ காக்கியைக் கண்டால் கை தானாகச் சட்டைப்பைக்குப் போய்விடும். அங்கே நம்மை அந்நியர் என்று பதிந்து கொடுத்த அட்டையைக் கப்பலேறும்போது ஒப்படைக்கச் சொன்னார்கள். தொலைந்துவிட்டது என்று புளுகி, ஒளித்துக் கொண்டுவந்தேன். அது இல்லாமல் வெளியே போனால் இடுப்பில் வேட்டி இல்லாத மாதிரி இருக்கும்.

மனைவி மரகதமும் மகளும் ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கவேண்டிய காலை அது. மாமியாரின் கடைசிக் காலம்வரை பார்த்துக்கொள்ள அவர்கள் அங்கேயே தங்கியிருந்தார்கள். துறைமுகத்துக்குப் போக மாம்பலம் ரயில் ஸ்டேஷனுக்கு ஓடினேன். முந்தின நாள் ஒரு நகைக்கடையில் திருட்டு. வாசலில் போலீஸ் நின்று எந்த ஊர், எங்கே வேலை என்று விசாரித்துக்கொண்டிருந்தது. வாயால் சொன்னால் விட்டுவிடுவார்கள். நான், முட்டாள், கேட்கும் முன்பே அட்டையை நீட்டினேன்.

"இன்னாபா இது, தெலுங்கா?"

"பர்மா எழுத்துங்க. அங்க ஃபாரினருக்குக் குடுக்கிற அட்டை."

"ஃபாரினரா? பாஸ்போர்ட் எங்க கீது?"

"ஐயோ, நான் தமிழன்தாங்க! கப்பல் வந்துடும், பெண்டாட்டி பிள்ளை நிக்கும்."

கப்பல் என்றதும், ஏறி ஓடப் பார்க்கிறவனோ என்று அவருக்குச் சந்தேகம் இன்னும் வலுத்துவிட்டது.

சாயங்காலம்வரை போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சு. பக்கத்தில் ஆற்றோரக் குடிசைக்காரர் ஒருவர், விலாசம் சொல்லத் தெரியாத ஒரு கூலியாள். அட, திருடனா நின்று சிக்குவான்? மடிப்புக் கலையாத சட்டையோடு மயிலாப்பூர் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். இப்படி நிறுத்திக் கேட்டு எந்த ஊருக்குப் பாதுகாப்பு வந்தது? ரங்கூனில் நம் அட்டையை எத்தனை தடவை பார்த்தார்கள்! நம் கடையை உடைத்தவனை மட்டும் பிடிக்கவேயில்லை. கடைசியில் நான் வேலை பார்க்கும் துணிக்கடை முதலாளி வந்து, "நம்ம கடை ஆளு சார்" என்றார். அவ்வளவுதான், விட்டார்கள்.

துறைமுகம் காலி. அழைத்துப்போக ஆளில்லாத குடும்பங்களை லாரியில் ஏற்றி முகாமுக்கு அனுப்பிவிட்டார்களாம். எந்த முகாம் என்று கண்டுபிடிக்க நாலு நாள் ஆயிற்று. கொட்டகையில் மரகதம் சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள்.

"புருஷன் வருவாருன்னு சொன்னேன். எல்லாரும் போனப்புறமும் சொன்னேன். சிரிச்சாங்க" என்றாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்த மகள், பர்மிய மொழியில், யாரம்மா இவர் என்று கேட்டாள். என் கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று.