கார்டக்காவின் இடது பக்கம்

ஓங்கி வருகிற கையைக் கண்டால் யாருக்கும் கண் சிமிட்டும். பழகியவர்களுக்குத் தலை விலகும், பழகாதவர்களுக்கு உடம்பே பின்னால் சாயும். எப்படியானாலும் இமை ஒருமுறை அடித்துக்கொள்ளும். அன்று என் வலது கை கார்டக்காவின் இடது கன்னத்தை நோக்கிப் போனபோது அவருடைய இமை அசையவே இல்லை. அடி விழுந்த பிறகுதான் திடுக்கிட்டார். பள்ளி மைதானத்தில் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

கார்டக்கா ஜவ்வாது மலையில் வனக்காப்பாளராக, ஃபாரஸ்ட் கார்டாக இருந்தவர். மலையிலேயே பிறந்தவர், அவர் பிறந்த வீட்டில் இன்றும் சாமை விதைக்கிறார்கள்; வேலைக்காக ஆலங்காயத்தில் குடியிருந்தார். நான் ஆலங்காயத்துப் பெண், மலைமேல் இருக்கிற சுகாதார நிலையத்தில் நர்ஸ். இருவரும் ஒருகாலத்தில் குத்துச்சண்டைக்காரிகள். அவர் வனத்துறைப் போட்டிகளில் ஆடியவர், நான் நர்சிங் படிக்கையில் கல்லூரிக்காக ஆடியவள். ஒரே எடைப் பிரிவு. ஆனால் அவர் விட்ட பிறகுதான் நான் தொடங்கினேன், அதனால் மோதியதே இல்லை. மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள் என்பதுதான் மலைக்குப் போகும் காலைப் பேருந்தில் எங்கள் தினசரிப் பேச்சு. எங்கள் மருந்தாளுநர் என் கட்சி, கண்டக்டர் அவர் கட்சி.

என் ஆட்டம் முன்னால் போகிற ஆட்டம். நாலு வாங்கினாலும் உள்ளே புகுந்து, எதிரில் இருப்பவருக்கு மூச்சுவிட நேரம் கொடுக்காமல், மூலையில் தள்ளி அடிப்பேன். கார்டக்காவுடையது காத்திருக்கிற ஆட்டம். இடது கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, வா என்று அழைப்பதுபோல் நிற்பார். எதிராளி வீசுகிற கை காற்றில் போகும், அந்த ஒரு நொடியில் அவர் கை வந்து விழும். “நீ வந்துகினே இரு சிஸ்டர். உன் தோளு ஆடுறப்பவே எனக்குத் தெரிஞ்சிடும். கைய வெச்சி இன்னா பண்றது, எனக்குக் கண்ணு போதும்” என்பார். மூன்று ரவுண்டும் அந்தக் கண் ஓயாமல் இருக்குமா, அதற்குள் என் கால் ஓய்ந்துவிடுமா என்பதுதான் கேள்வி. எங்கள் இருவருக்குமே விடை தெரியாது. தெரிந்ததுபோல் சத்தமாகப் பேசுவோம்.

உண்டு உறைவிடப் பள்ளியின் தலைமையாசிரியை காதுக்கு இந்தப் பேச்சு போனது. விளையாட்டு விழாவில் பெண் பிள்ளைகள் பார்க்க மூன்று ரவுண்டு ஆடிக்காட்டுங்கள் என்றார். கார்டக்கா தயங்கினார். வயசாகிவிட்டது என்று ஏதோ சொன்னார். நான்தான் விடவில்லை.

நான்கு கம்பம் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். முதல் ரவுண்டில் அவர் பேருந்தில் சொன்னதெல்லாம் நடந்தது. என் இடது கை போன இடத்தில் அவர் முகம் இல்லை. அவர் கை மட்டும் என் மூக்கில் இருந்தது. இரண்டாவது ரவுண்டில்தான் வலது கையை வீசினேன். பட்டது. ஏதோ தந்திரம் என்று நினைத்து மறுபடி வீசினேன். மறுபடியும் பட்டது, இமை அசையாமல்.

அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காதருகே கேட்டேன்: “அக்கா, இந்தப் பக்கம் தெரியலையா?”

“பேசாம அடி. புள்ளைங்க பாக்குது.”

மூன்றாவது ரவுண்டில் நான் வலது கையை வீசவே இல்லை. அவருக்கு அது புரிந்துவிட்டது. ஆட்டம் முடிந்து கையுறையைக் கழற்றி என் காலடியில் போட்டார். “இன்னாத்துக்குக் கைய நிறுத்தின? உன்னாண்ட பிச்ச கேட்டனா?” அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. பேருந்தில் முன் இருக்கைக்குப் போய்விட்டார்.

பின்னால் உட்கார்ந்து அவர் தலையைப் பார்த்துக்கொண்டே போன அந்த நாட்களில் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. எப்போதும் இடது ஜன்னலை ஒட்டியே உட்காருவார், எல்லாரும் தன் வலது பக்கம் இருக்கும்படி. டீக்கடையில் இடது பக்கம் வைத்த கிளாஸைத் தட்டிவிடுவார், நாங்கள் சிரிப்போம். நான் நர்ஸ். தினமும் பக்கத்தில் உட்கார்ந்தவள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு அவர் முகத்தில் இரண்டு அடி தேவைப்பட்டது.

நான் விடவில்லை. தினமும் இறங்கும்போது, “வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போலாம்க்கா” என்று மட்டும் சொல்வேன். அவர் திரும்பாமல் நடந்துவிடுவார். மூன்றாவது வாரம் ஒரு காலை, சீருடையோடு எங்கள் நிலையத்தில் சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் உட்கார்ந்திருந்தார். “ரெண்டு வருசமா இப்டித்தான். சொன்னா காட்டுக்கு அனுப்ப மாட்டாங்க. ஆபீசுல உக்கார வெச்சிடுவாங்க. நான் அங்க இன்னா பண்ணுவேன்?” என்றார்.

வேலூரில் கண் அழுத்த நோய் என்றார்கள். இடது கண்ணில் போனது போனதுதான். வலது கண்ணிலும் தொடங்கியிருந்தது, ஆனால் சொட்டு மருந்தை விடாமல் போட்டால் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். வெளியே வந்ததும் கார்டக்கா வேப்பமரத்தடியில் நின்று முகத்தை மூடிக்கொண்டார். நான் சீட்டை எடுத்துக்கொண்டு சொட்டு மருந்து வாங்கப் போனேன்.

இப்போது அவர் அமிர்தியில், வனத்துறை நாற்றுப் பண்ணையில் இருக்கிறார். காடு இல்லை, ஆபீசும் இல்லை. ஆயிரக்கணக்கான கன்றுகளுக்கு நடுவில் குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். வலது கண் அப்படியே இருக்கிறது. போன மாதம் பார்க்கப் போனேன். புங்கன் கன்றுகளின் வரிசையில் நடந்துகொண்டே, இரண்டு கண்ணும் நன்றாக இருந்த காலத்தில் மோதியிருந்தால் யார், உண்மையைச் சொல்லுங்கள் என்றேன்.

“மொத ரெண்டு ரவுண்டு நான்” என்றார். சாய்ந்திருந்த ஒரு கன்றை நிமிர்த்தி வைத்தார். “மூணாவது உன்னுது. நீ நிக்க மாட்ட. அத்த எத்தினி நாளு பாத்துகினு இருக்கறது?”

வழியில் பள்ளம் மேடாக இருந்ததால் நான் அவருடைய இடது பக்கமாகவே நடந்தேன். அது எனக்கு இப்போது பழக்கம். நாலடி போனதும் நின்று, என் கையைப் பிடித்து வலது பக்கத்துக்கு இழுத்துக்கொண்டார்.

“பள்ளத்த நான் பாத்துக்கறேன். இங்க வா, உன் மூஞ்சி தெரியல.”