ஜீப்பு மாத்திரை

என் சித்தப்பாவின் மருந்துக் கடையில் மாத்திரைகளுக்கு உறை என்று தனியாக எதுவும் கிடையாது. தினசரி காலண்டரில் கிழித்த தாளையே மடித்துப் பொட்டலம் கட்டித் தருவார். நேற்றைய நல்ல நேரமும் ராகு காலமும் அச்சிட்ட அந்தத் தாளுக்குள் காய்ச்சலுக்கு ஒரு பெரிய வெள்ளை, சளிக்கு ஒரு மஞ்சள், கறுப்பும் சிவப்புமாக ஒரு கேப்சூல், கடைசியாக மிளகைவிடச் சற்றே பெரிதாக ஒரு குட்டி வெள்ளை. எல்லாம் சேர்ந்தால் ஒரு செட். எங்கள் பக்கத்தில் யாரும் மருந்தின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "காய்ச்சலுக்கு ஒரு செட் குடுங்கண்ணே" என்பார்கள், அவ்வளவுதான். அந்தக் குட்டி வெள்ளைக்கு மட்டும் ஊரே சேர்ந்து ஒரு பெயர் வைத்திருந்தது. ஜீப்பு மாத்திரை.

பெயர் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். உத்தமபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து தினமும் இருட்டோடு ஜீப்புகள் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு மலையேறும். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். காய்ச்சல் என்று ஒரு நாள் படுத்தால் அன்றைய கூலி போகும். நாலைந்து நாள் படுத்தால் ஜீப்பில் அந்த இடத்துக்கு வேறொருத்தி வந்துவிடுவாள். அதனால் சாயங்காலம் உடம்பு அனலாகக் கொதிக்க சித்தப்பா கடைக்கு வருகிறவள், ராத்திரி அந்தக் குட்டி வெள்ளையை விழுங்கிவிட்டு, விடியும்போது காய்ச்சலும் வலியும் இல்லாமல், நல்ல பசியோடு எழுந்து ஜீப்பு ஏறிவிடுவாள். அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாத மருந்து. சித்தப்பாவுக்கும் அது தெரியும்.

நான் தேனியில் அரசு ஆஸ்பத்திரி நர்ஸ். லீவுக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் இதைச் சொல்லிச் சித்தப்பாவோடு மல்லுக்கு நிற்பேன். அவர் கோபப்படமாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "ஏத்தா, நீ சொல்றது சரிதான். ஒரு வாரம் படுத்துக் கெடன்னு நான் சொல்லிருவேன். அவ வீட்டு உலைக்கு அரிசி நீ குடுப்பியா?" என்பார். எரிச்சலாக வரும். அதற்குள் சித்தி அடுப்படியிலிருந்து குரல் கொடுப்பாள். "ஆஸ்பத்திரியவும் கடையவும் வாசல்லயே கழட்டிப் போட்டுட்டு ரெண்டு பேரும் சாப்புட வாங்க." சித்தி என் அம்மாவின் தங்கை. மூச்சு விடாமல் பேசுகிறவள் என்று சிலரைச் சொல்வோமே, அது அவளுக்குத்தான் பொருந்தும். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் சாமியார் பிரசங்கம் முடிக்கிற வரைக்கும் அவள் எப்படி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்பது எங்கள் குடும்பத்தில் பெரிய ஆச்சரியம்.

கொரோனா வந்தபோது ஊரில் ஆளாளுக்கு வைத்தியரானார்கள். தெருமுனையில் அண்டா வைத்துக் கபசுரக் குடிநீர் கொடுத்தார்கள். நொச்சியும் மஞ்சளும் போட்டு வீட்டுக்கு வீடு ஆவி பிடித்தார்கள். ஆவி பிடிக்கிறேன் என்று கொதிதண்ணீரைக் காலில் கொட்டிக்கொண்டு எங்கள் வார்டுக்கு வந்தவர்களும் உண்டு. இதையெல்லாம் நான் கேலி செய்வதில்லை, ஏனென்றால் எங்கள் கையிலும் பெரிதாக எதுவும் இல்லை. வந்தது வைரஸ். அந்தக் கறுப்பு சிவப்புக் கேப்சூல் பாக்டீரியாவைக் கொல்வது, வைரஸை ஒன்றும் செய்யாது. காய்ச்சலுக்கு மாத்திரை, தண்ணீர், ஓய்வு, மூச்சின் மேல் ஒரு கண், மூச்சு குறைந்தால் ஆக்ஸிஜன். இதைச் சொன்னால் மக்கள் முகம் சுருங்கிவிடும். வெறும் ஓய்வை யாரும் மருந்தாக மதிப்பதில்லை.

பிறகுதான் அந்தச் செய்தி வந்தது. மூச்சுத் திணறும் நோயாளிகளைச் சாதாரண ஸ்டீராய்டு காப்பாற்றுகிறது என்று டிவியில் சொன்னார்கள். அன்றைக்கு மத்தியானமே சித்தப்பா போன் செய்தார். குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தியா? உங்க பெரிய டாக்டருகளே இப்பத்தான் என் வழிக்கு வந்திருக்காக!" நான் பொறுமையாகச் சொன்னேன். முதல் சில நாட்கள் உடம்பு வைரஸோடு சண்டை போட வேண்டும், அந்த நேரத்தில் இந்த மருந்து உடம்பின் கையைக் கட்டிப் போட்டுவிடும். பிறகு சிலருக்கு அந்தச் சண்டை அடங்காமல் சொந்த நுரையீரலையே அடிக்க ஆரம்பிக்கும், அப்போதுதான் கையைக் கட்ட வேண்டும். "ஒரே மருந்துதான் சித்தப்பா. என்னைக்குக் குடுக்குறோம்ங்கிறதுலதான் எல்லாமே இருக்கு." அவர் கேட்டுக்கொண்டார். "ம், ம்" என்றார். ஆனால் ஜெயித்தவன் போடுகிற "ம்" எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் அலையில் சித்திக்குக் காய்ச்சல் வந்தது. எனக்குச் சொல்லவே இல்லை. நானே போன் செய்தபோது, "முந்தாநாள் லேசா அடிச்சிச்சு. ஒரு செட் குடுத்தேன், காய்ச்சல் விட்டிருச்சு. எந்திரிச்சு வாசல் கூட்டிட்டா, அஞ்சு இட்லி சாப்பிட்டிருக்கா" என்றார் சித்தப்பா. போனைச் சித்தியிடம் கொடுக்கச் சொன்னேன். "எனக்கென்னத்தா, நல்லாத்தான்..." என்றாள். நின்றாள். "...இருக்கேன். நீ சாப்ட்டியா..." மறுபடி நின்றாள். சித்தி ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்று நான் கேட்டதே இல்லை.

உடனே தேனிக்குக் கூட்டி வாருங்கள் என்றேன். விரலில் மாட்டி ஆக்ஸிஜன் அளவைப் பார்க்கிற கருவி கடையில் இருக்கிறதா என்று கேட்டேன். எல்லாம் விற்றுப்போய்விட்டது. மூச்சை எண்ணிப் பாருங்கள், தெருவில் கொஞ்சதூரம் நடக்கவிட்டுப் பாருங்கள் என்று கெஞ்சினேன். "காய்ச்சலே இல்லாதவளக் கொண்டுபோய் அந்த வார்டுல போடச் சொல்றியா? அங்கன போனவுக எத்தன பேரு திரும்பி வந்தாக?" என்றார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த நாட்களில் எங்கள் மலையடிப் பள்ளத்தாக்கு முழுக்க இதைத்தான் கேட்டது. காய்ச்சல் போனால் நோய் போச்சு என்பது அவருடைய தொழிலே சொல்லிக் கொடுத்த நம்பிக்கை. எத்தனையோ ஜீப்புகள் அந்த நம்பிக்கையில்தான் மலையேறின. அவர் கூட்டி வந்தது மறுநாள் சாயங்காலம், சித்தியின் உதடு நீலம் பாய்ந்த பிறகு.

வார்டில் நான்தான் அவளைக் குப்புறப் படுக்க வைத்தேன். அப்படிப் படுத்தால் நுரையீரலுக்குள் காற்று கொஞ்சம் கூடுதலாகப் போகும். "குப்புறக் கெடந்தா... எப்படித்தா... பேசுறது?" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து கேட்டாள். கவச உடைக்குள் நான் அழுதது அவளுக்குத் தெரிந்திருக்காது. வாசல் பக்கம் சித்தப்பா நின்றிருந்தார். நான் மருந்தை ஊசியில் ஏற்றுவதைப் பார்த்தார். பாட்டிலில் இருந்த பெயரை அத்தனை தூரத்திலிருந்தும் படித்துவிட்டார். வாழ்நாளெல்லாம் படித்த பெயர்தானே.

"இதத்தான நானும் குடுத்தேன்?"

"ஆமா சித்தப்பா. இதேதான்."

சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

சித்தி பிழைக்கவில்லை. ஆக்ஸிஜனை ஏற்றிக்கொண்டே போனோம், டாக்டர்கள் வேண்டியதெல்லாம் செய்தார்கள், அவள் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை விட்டாள். கடைசியில் ஜாடை மட்டும் இருந்தது, பிறகு அதுவும் இல்லை. பிளாஸ்டிக்கில் சுற்றி, முகம் காட்டாமல், கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். சாமியார் எட்ட நின்று ஜெபம் சொன்னார். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் ஆத்திரமாக வருகிறது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஒரு கல்லறைத் திருநாளில், சித்தியின் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றிவிட்டுத் திரும்பும்போது சித்தப்பா கேட்டார். "அந்த ஒத்த மாத்திரைய நான் குடுக்காம இருந்தா அவ இருந்திருப்பாளா?" நான் இத்தனை வருடம் நர்ஸாக இருக்கிறேன். மனிதர்களுக்கு ஆறுதலாகப் பொய் சொல்லத் தெரியும். அவரிடம் முடியவில்லை. மாத்திரை இல்லாமலும் போனவர்கள் உண்டு, விழுங்கிவிட்டுப் பிழைத்தவர்களும் உண்டு. "தெரியாது சித்தப்பா" என்றேன். உங்களால்தான் என்று சொல்லியிருந்தால் அழுதிருப்பார், இல்லை என்று சொல்லியிருந்தால் தூங்கியிருப்பார். தெரியாது என்பதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

கடையை மறுபடி திறந்தார். செட் உண்டு, குட்டி வெள்ளை கிடையாது. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, ஜீப்பு மாத்திரையக் காணோம்? நாளைக்கு நான் மலைக்குப் போக வேணாமா?" என்று பெண்கள் சண்டை போடுவார்கள். இவர் தலையைக் குனிந்துகொள்வார். அவர்கள் எதிர்ச்சாரியில் புதிதாக வந்த கடைக்குப் போய்விடுவார்கள். நான் விரும்பியது அதுதான், வருடக்கணக்காகச் சண்டை போட்டுக் கேட்டது. கிடைத்தபோது துளிகூடச் சந்தோஷமில்லை.

போன சாரல் நேரத்தில் அவருக்கே காய்ச்சல் என்று தகவல் வந்து ஓடினேன். சோதித்துப் பார்த்ததில் கொரோனா இல்லை, சாதாரண ஃப்ளூதான். விரலில் மாட்டிப் பார்த்தேன், மூச்சு நன்றாக இருந்தது. உடம்பு மட்டும் நெருப்பாகச் சுட்டது, பல் கிடுகிடுவென்று அடித்தது. அவர் கடையிலிருந்தே வெறும் காய்ச்சல் மாத்திரை ஒன்றை எடுத்து, தண்ணீரோடு நீட்டினேன். வாங்கித் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இது அது இல்ல சித்தப்பா. சும்மா காய்ச்சலுக்கு."

"தெரியும்த்தா. விக்கிறவனுக்குத் தெரியாதா?"

"அப்ப போடுங்க. எதுக்குக் கெடந்து நடுங்குறீக?"

போர்வையை இழுத்துக்கொண்டார். கண்ணைத் திறக்கவில்லை.

"இருக்கட்டும்த்தா, காய்ச்சல் பாட்டுக்கு இருக்கட்டும். உள்ள ஒண்ணு நடக்குதுன்னு அதுதான சொல்லுது. அவளுக்கு நான் அதக்கூட விட்டுவைக்கலயே."